பன்னிரண்டு பலகைக் கரத்தை

கலியாணமாகிப் பத்தாம் மாதம் நான் புருசனை விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடினேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு அரிசி மூட்டை, ஒரு பாய், இரண்டு பானை. இவ்வளவும்தான் என்னோடு வந்தவை. ஓடியது நான் மட்டுமல்ல. அந்தக் கிழமை திருகோணமலையில் பாதிப்பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான், அடுத்தது எங்கள் துறைமுகம்தான் என்று தெருவெல்லாம் ஒரே கதை. அதுவரை குடாவை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பிப் போய்விட்டன. காலையில் கிணற்றடியில் நின்று பார்த்தால் தண்ணீர் மட்டும் பளபளவென்று கிடந்தது. கப்பல் நிற்கும்போது வராத பயம் அந்த வெறுமையைப் பார்த்தபோது வந்தது.

துறைமுகத்துக்குப் பின்புறம் ஒரே வளவுக்குள் மூன்று சிறிய வீடுகள். மூன்றுக்கும் ஒரு கிணறு. நடு வீட்டில் ஒரு கிளாக்கரும் அவருடைய மனைவியும் நான்கு பிள்ளைகளும். அந்த அம்மாவை எல்லோரும் கிளாக்கரம்மா என்றுதான் சொல்வார்கள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேலியோரத்து வீட்டில் தையல் அக்கா. கைமெசின் ஒன்று வைத்து அந்தத் தெருவுக்கே சட்டை தைத்துக் கொடுப்பவர். பிள்ளைகள் இல்லை. புருசன் நிலக்கரி இறக்கும் ஆட்களுக்குக் கங்காணி. மூன்றாவது வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர்.

மூன்று ஆண்களுக்கும் யுத்த வேலை. விட்டுவிட்டு வரமுடியாது, வந்தால் பிடித்து மறியலில் போட்டுவிடுவார்கள். அதனால் பெண்கள் நாங்கள் மட்டும் போவதென்று முடிவானது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"நீ கந்தளாய்க்குப் போ. எனக்கு ஒரு பயமும் இல்லை. நீ இஞ்சை நிண்டாத்தான் பயம்."

கந்தளாய்க்கு எப்படிப் போவது என்பதற்கு எங்கள் வளவில் எல்லோருக்கும் ஒரே விடைதான் இருந்தது. கந்தளாயிலிருந்து ஒருவர் மாட்டுக் கரத்தையில் நெல்லும் விறகும் கொண்டுவந்து எங்கள் தெருவில் கொடுப்பார். மழையோ வெயிலோ மாதம் இரண்டு தரம் வருவார். குளத்தடியில் அவருக்கு ஒரு வீடும், பக்கத்தில் நெல் போட்டுவைக்கும் கொட்டிலும் இருந்தன. அந்தக் கொட்டிலில் தங்கலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, அவர் வாயில் ஏலாது என்ற சொல் வராது. யார் எதைக் கேட்டாலும் "ஓம், அதுக்கென்ன" என்பார்.

முதலில் கிளாக்கரம்மா கிணற்றடியில் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

"நாலு பிள்ளையள், ஒரு அலுமாரி. கரத்தையிலை அரைவாசி எனக்கு வேணும்."

"ஓம், அதுக்கென்ன."

பின்னேரம் தையல் அக்கா கேட்டாராம், மெசினும் துணிப் பொட்டளிகளும் இருக்கின்றன, மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று. அதற்கும் ஓம். விளக்கு வைக்கிற நேரம் நான் போய், "அண்ணை, எனக்குக் கால்வாசி இடம் இருந்தாப் போதும்" என்றேன். நான் மிகக் குறைவாகக் கேட்டதில் அவருக்குச் சந்தோசம்.

"கால்வாசிதானே தங்கச்சி. தாராளமா வரலாம்."

மறுநாள் விடியும்போது கரத்தை வளவு வாசல் படலைக்கு முன்னால் நின்றது. ஆண்கள் வேலைக்குப் போகுமுன் பாரமான சாமான்களை ஏற்றிவிடவேண்டும் என்று கிளாக்கரம்மாவின் அலுமாரியை முதலில் தூக்கினார்கள். மூன்று பேரும் கரத்தைக்கார அண்ணையும் பிடித்து, கதவு மேலே பார்க்கும்படி அதைக் கிடத்தினார்கள். அதைச் சுற்றி மெத்தைகள், குசினிச் சாமான்கள், ஒரு கதிரை. தையல் அக்கா விடியுமுன்னரே மெசினைக் கொண்டுவந்து படலையடியில் வைத்திருந்தார். அதுவும் பொட்டளிகளும் ஏறின. சங்கு ஊதியதும் ஆண்கள் மூவரும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வைக்க இடமில்லை. அரிசி மூட்டைக்கும் பானைகளுக்கும் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. பெட்டியை வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணை, என்ர கால்வாசி எங்கை?"

அவர் கரத்தையைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எனக்கெண்டா விளங்கேல்லை. மூண்டு பேர்தானே கேட்டனீங்கள்" என்றார்.

அப்போதுதான் கிளாக்கரம்மா இறங்கி வந்தார். அவருடைய கணவர் கந்தோரில் கணக்கு எழுதுகிறவர். அதனால் கணக்கு என்று வந்தால் வளவில் தன் வீட்டுக்குத்தான் உரிமை என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒரு ஈர்க்கை எடுத்து மணலில் எழுதினார்.

"இஞ்சை பாரும். எனக்கு அரை. தையல்காரிக்கு மூண்டிலொண்டு. மேலை ஒண்டும் ஒண்டும் ரெண்டு. கீழை ரெண்டும் மூண்டும் அஞ்சு. அஞ்சிலை ரெண்டு பங்குதான் நாங்கள் ரெண்டு பேரும் எடுத்திருக்கிறம். இன்னும் அஞ்சிலை மூண்டு பங்கு கிடக்கு. நீர் கேட்டது கால்வாசி. வடிவாத் தேடிப் பாரும், இடம் இருக்கும்."

நான் எட்டாம் வகுப்புச் சித்தியடைந்தவள். வளவுக்குள் கடிதம் வந்தால் என்னிடம்தான் வாசிக்கக் கொடுப்பார்கள். பின்னக் கணக்கில் எனக்கு எப்போதும் நிறையப் புள்ளிகள். ஆனால் மணலில் எழுதியிருந்ததைப் பார்த்தால் ஒரு கணம் சரி போலவே இருந்தது. அவ்வளவு துப்புரவாக எழுதியிருந்தார். பிறகு கரத்தையைப் பார்த்தேன். பிறகு மணலைப் பார்த்தேன்.

"அக்கா, உங்கட பங்கு மட்டும் அரைவாசி எல்லோ?"

"ஓம்."

"அஞ்சிலை ரெண்டு எண்டது அரைவாசியிலும் குறைவு. நீங்கள் தனிய இருக்கேக்கை அரைவாசி. தையல் அக்காவின்ர சாமானையும் சேர்த்தவுடனை அரைவாசியிலும் குறைஞ்சு போச்சோ? மெசின் ஏற ஏற அலுமாரி சுருங்கினதோ?"

கரத்தைக்கார அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கிளாக்கரம்மாவுக்கு முகம் சிவந்தது.

"அப்ப நீர் படிச்ச மாதிரிச் செய்து காட்டுமன்."

நான் ஈர்க்கை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய வரிசை அப்படியே வந்தது. கீழே உள்ள பகுதியெண்கள் வேறு வேறாயிருந்தால் பொதுப் பகுதி காண்க. மேலே உள்ள தொகுதியெண்களை அதற்கேற்ப மாற்றுக. கூட்டுக. இரண்டு, மூன்று, நான்கு. பொதுப் பகுதி பன்னிரண்டு. அரை என்றால் பன்னிரண்டில் ஆறு. மூன்றில் ஒன்று என்றால் பன்னிரண்டில் நான்கு. கால் என்றால் பன்னிரண்டில் மூன்று. ஆறும் நான்கும் மூன்றும் பதின்மூன்று.

"பன்ரண்டிலை பதின்மூண்டு," என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "ஒரு கரத்தைக்கு மேலை போட்டுது."

கிளாக்கரம்மா மணலைக் குனிந்து பார்த்தார்.

"பன்ரண்டு எங்கையிருந்து வந்தது? நாங்கள் மூண்டு பேர். கரத்தை ஒண்டு. பன்ரண்டு எண்டு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே."

எத்தனை கணக்குச் செய்திருப்பேன், ஒருநாளும் இந்தக் கேள்வி என் மனதில் எழுந்ததில்லை. "அப்பிடித்தான் செய்யிறது" என்றேன். "அப்பிடித்தான் எண்டா எப்பிடி?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் வேறு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பெண்களும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதுவரை வாயே திறக்காமல் கரத்தையில் சாய்ந்து நின்ற தையல் அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர். கையெழுத்தும் வைக்கத் தெரியாது.

"எனக்கு உங்கட பன்ரண்டும் தெரியாது, அஞ்சும் தெரியாது. கரத்தையை ஒரு யார்த் துணி எண்டு வையுங்கோ. ஒரு யாருக்கு முப்பத்தாறு அங்குலம். அரை யார் பதினெட்டு. மூண்டிலொண்டு பன்ரண்டு. கால் யார் ஒன்பது. பதினெட்டும் பன்ரண்டும் முப்பது. ஒன்பதும் சேர்ந்தா முப்பத்தொன்பது. முப்பத்தாறு அங்குலத் துணியிலை முப்பத்தொன்பது அங்குலம் வெட்டேலாது. ஆர் வெட்டினாலும் ஏலாது."

மூன்று அங்குலம் கூட. முப்பத்தாறில் மூன்று என்றால் பன்னிரண்டில் ஒன்று. என் கணக்கும் அதைத்தான் சொன்னது. நான் பன்னிரண்டாய் வெட்டினேன், அவர் முப்பத்தாறாய் வெட்டினார். அரையையும் மூன்றில் ஒன்றையும் அப்படியே கூட்டமுடியாது, இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாய் வெட்டிவிட்டால்தான் எண்ணமுடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணுவதற்கு ஒரு துண்டு வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடம் நான் அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன், விளங்கி வைத்திருக்கவில்லை.

"பன்ரண்டு பலகை," என்றார் கரத்தைக்கார அண்ணை திடீரென்று.

அவர் கரத்தையின் அடித்தட்டை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். போன மழைக்கு உக்கிப்போன தட்டைக் கழற்றிவிட்டு, பெட்டிப் பலகைகளைக் குறுக்காய் அடித்திருந்தாராம். ஒரே அகலப் பலகைகள். முன்னாலிருந்து பின்னால் வரை சரியாகப் பன்னிரண்டு. நாங்கள் மூவரும் சாமான்களுக்கு இடையால் குனிந்து எண்ணினோம். கிளாக்கரம்மாவுக்கு ஆறு பலகை. தையல் அக்காவுக்கு நான்கு. மிச்சம் இரண்டு பலகையில்தான் என் அரிசி மூட்டையும் பானைகளும் இருந்தன. எனக்குச் சேரவேண்டிய மூன்றாவது பலகை கரத்தைக்கு வெளியே காற்றில் இருந்தது.

கிளாக்கரம்மா காலால் மணலிலிருந்த தன் கணக்கை அழித்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாய் இருந்தது.

கணக்குச் சரிவந்துவிட்டது, பெட்டிக்கு இடம் வரவில்லை. தையல் அக்கா மெசினைக் கீழே வைக்கமாட்டேன் என்றார். பிள்ளைகளைக் கீழே வைக்கமுடியாது. கரத்தைக்கார அண்ணை, பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவதாகச் சொன்னார். அவர் சொல்லுக்காகச் சொல்பவர் அல்ல, உண்மையாகவே நடந்திருப்பார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தையல் அக்காதான் மறுபடியும் வழி சொன்னார். "நாங்கள் நிலத்தைத்தானே பங்கு போட்டனாங்கள். உயரத்தை ஒருத்தரும் பங்கு போடேல்லை. கிளாக்கரம்மா, அலுமாரிக்குள்ளை ஒரு தட்டு இந்தப் பிள்ளைக்குக் குடுங்கோவன். பெட்டியிலை இருக்கிறதை எடுத்து அதுக்குள்ளை வைச்சிட்டு, வெறும் பெட்டியை வீட்டிலை விடலாம்."

"அலுமாரி நிறையச் சீலை. ஒரு கைக்குட்டை வைக்கவும் இடமில்லை."

"கொஞ்சம் அமத்தி வைக்கலாந்தானே."

"பூட்டிக் கிடக்கு. திறப்பு அவரிட்டை. வேலைக்குக் கொண்டு போட்டார்."

அலுமாரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த எட்டு வயது மூத்தமகள் சொன்னாள்: "அம்மா, திறப்பு உங்கட இடுப்பிலை எல்லோ கிடக்கு."

கிளாக்கரம்மா சீலைத் தலைப்பால் இடுப்பை மூடினார். பிறகு பிள்ளைகளை இறக்கி, வழியில் குடிக்கத் தண்ணீர் அள்ளி வரும்படி தையல் அக்காவோடு கிணற்றடிக்கு அனுப்பினார். கரத்தைக்கார அண்ணையிடம் மாட்டுக் கயிற்றைப் பார்க்கச் சொன்னார். "நீர் மட்டும் இஞ்சை வாரும்" என்றார் என்னிடம்.

அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு கூறைச்சீலையும் இரண்டு நூல்சீலைகளும் இருந்தன. மற்ற இடமெல்லாம் ஆடாமல் இருப்பதற்காகக் கசக்கி வைத்த பழைய பேப்பர்கள்.

"அலுமாரி இல்லாமல் பொம்பிளையை அனுப்பேலாது எண்டு என்னைப் பெத்த ஐயா கஷ்டப்பட்டு வாங்கித் தந்தவர்," என்றார் மெதுவாக. "அதுக்குள்ளை வைக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையாய் வந்திட்டுது. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"எனக்கு அலுமாரியே இல்லை அக்கா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பேப்பர்களை எடுத்து என் பெட்டிக்குள் திணித்தோம். என் சீலைகள், வீட்டுக்காரரின் கலியாண வேட்டி, ஒரு சின்ன விளக்கு, கண்ணாடி, எல்லாவற்றையும் அலுமாரிக்குள் அடுக்கினோம். அப்போதும் பாதி அலுமாரி வெறுமைதான். அவர் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்றடிக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்:

"ஒரு மாதிரி ஒரு மூலையிலை இடம் எடுத்துக் குடுத்திட்டன்!"

"ஓம், சீலையளை அமத்தி அமத்திக் கை நோகுது!" என்றேன் நானும்.

இதை நான் அவர் இருந்த காலம் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூட.

கரத்தை புறப்பட்டது. கண்டி வீதியில் பட்டாள லொறிகள் எதிரே எதிரே வந்து எங்களைப் புழுதியால் மூடின. பிள்ளைகள் நால்வருக்கும் அது திருவிழா. அலுமாரியின் மேல் தாளம் போட்டுக்கொண்டு "அஞ்சிலை ரெண்டு, அஞ்சிலை ரெண்டு" என்று பாடத் தொடங்கினார்கள். நான் பயந்து கிளாக்கரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் முறைத்தார். பிறகு அவரே, "என்ர கணக்கின்படி இந்தக் கரத்தையிலை இன்னும் ரெண்டு குடும்பம் ஏறலாம். வழியிலை ஆரும் நிண்டா ஏத்துங்கோ அண்ணை" என்றார். அதன்பிறகு கப்பல்துறை என்ற ஊர் வரைக்கும் சிரிப்புத்தான்.

கப்பல்துறையில் ஒரு மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமைத்தோம். என் அரிசி, கிளாக்கரம்மாவின் சட்டி, தையல் அக்காவின் தேங்காய். நான் தேங்காய் துருவிக்கொண்டே தையல் அக்காவிடம் கேட்டேன்:

"அக்கா, அந்த முப்பத்தொன்பதை நீங்கள் எப்ப கணக்குப் பாத்தனீங்கள்?"

"நேற்றிரவே."

"நேற்றிரவோ!"

"நீர் கால்வாசி கேட்ட உடனை கரத்தைக்காரர் வந்து எனக்குச் சொன்னவர். அப்பவே தெரியும், ஆரோ ஒராளுக்கு இடம் காணாது எண்டு. அதுதான் விடிய முதலே மெசினைக் கொண்டந்து படலையிலை வைச்சனான்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னா என்ர பங்கைக் குறைக்கச் சொல்லியிருப்பியள்," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது. சோறு வேகும்வரை அவரோடு கதைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தன் இலையிலிருந்த பொரித்த மீனில் பாதியை உடைத்து என் இலையில் வைத்தார். "இது அரை," என்றார். "மூண்டிலொண்டு இல்லை." கோபம் அதோடு போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். நெல் கொட்டில் பெரியது. மூன்று பாய் போட்டு, நடுவில் ஒரு சீலையைத் தொங்கவிட்டோம். பின்னேரம் குளத்தில் குளித்தோம். கடல் பக்கத்தில் வளர்ந்த எனக்கு உப்பில்லாத அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் காலை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிழக்கில் தூரத்து இடிபோல ஒரு சத்தம். வானத்தில் ஒரு முகில் இல்லை. மறுபடியும், மறுபடியும். கரத்தைக்கார அண்ணையின் மனைவி ஓடிவந்து எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் "குண்டு" என்று சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் எப்படிப் போயின என்று இப்போது யோசித்தால், மூன்று பேரும் மாறி மாறி வீதிக்குப் போய் நின்றது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. கிளாக்கரம்மா சமைத்தார், ஒருவரும் சாப்பிடவில்லை. தையல் அக்கா மெசினுக்கு எண்ணெய் விட்டார், துடைத்தார், மறுபடியும் எண்ணெய் விட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் குளக்கட்டுப் பக்கமிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள். புழுதியில் மூன்று பேரும் ஒரே நிறம். யார் யாருடைய புருசன் என்று கிட்ட வரும்வரை தெரியவில்லை. கிளாக்கரின் ஒரு காலில் செருப்பு இல்லை. கங்காணியின் தலையில் ஒரு கட்டு, ஓடு விழுந்ததாம். என் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. துறைமுகத்தில் நடந்ததை அவர்கள் பிறகும் அதிகம் சொன்னதில்லை. வளவில் மூன்று வீடும் நிற்கின்றன, கிணறு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் என்னிடம் முதலில் கேட்டது, "பெட்டியை ஏன் விட்டிட்டு வந்தனி? திறந்து பாத்தன், முழுக்கப் பழைய பேப்பர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்பதுதான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இரண்டு நாளில் அவர்கள் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். நாங்கள் கந்தளாயில் நான்கு மாதம் இருந்தோம். அங்கே நுளம்புக்கடி கொஞ்சம் கூடத்தான். மற்றப்படி நாட்கள் சந்தோசமாகவே போயின. தையல் அக்கா கொட்டில் வாசலில் மெசினைப் போட்டுத் தைத்தார். நான் பக்கத்தில் இருந்து பொத்தான் கட்டினேன்.

ஒருநாள் கரத்தைக்கார அண்ணை ஒரு துண்டுத் துணியோடு வந்தார். கூப்பனுக்குக் கிடைத்த நான்கு யார்ச் சீத்தை. அந்தக் காலத்தில் அது பெரிய விசயம்.

"அஞ்சு சீவன் உள்ள வீடு. பெட்டைப் பிள்ளையள் ரெண்டு. அதாலை அஞ்சிலை ரெண்டு பங்கு அவையளுக்கு. என்ர கூடப்பிறந்த தங்கச்சி வந்து கேட்டவள், அவளுக்குக் கால்வாசி தாறன் எண்டு சொல்லிப்போட்டன். மிச்சத்திலை மனுசிக்கு ரெண்டு சட்டை வருமோ?"

"மறுபடியும் சொல்லிப்போட்டியளோ!" என்றார் கிளாக்கரம்மா உள்ளேயிருந்து.

தையல் அக்கா நாடாவைப் போட்டார். நான்கு யார், நூற்று நாற்பத்து நான்கு அங்குலம். கால்வாசி முப்பத்தாறு. அது உடனே வந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்றபோது நின்றார். விரலை மடித்தார், நீட்டினார். இருபத்தெட்டு என்றால் துணி மிஞ்சுகிறது, இருபத்தொன்பது என்றால் போதவில்லை. அளவு தெரியாமல் கத்திரிக்கோல் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ர முப்பத்தாறு இதுக்கு வராதாம் பிள்ளை."

நான் துணியை வாங்கிப் பாயில் விரித்தேன். நீளத்தை இரண்டாய் மடித்து, மறுபடியும் இரண்டாய் மடித்தேன், நான்கு. அந்த மடிப்பை விசிறி மடிப்பதுபோல ஐந்தாய் மடித்தேன். ஐந்தும் ஒரே அளவாக வர மூன்று தரம் அவிழ்த்து மடிக்க வேண்டியிருந்தது. பிறகு நகத்தால் அழுத்தி விரித்தேன். துணி முழுக்க மடிப்புக் கோடுகள். எண்ணினால் இருபது கட்டம்.

"கால்வாசிக்கு அஞ்சு கட்டம். அஞ்சிலை ரெண்டு எண்டால் எட்டுக் கட்டம். எட்டும் அஞ்சும் பதின்மூண்டு. இருவதிலை பதின்மூண்டு போனா ஏழு. அந்த ஏழு கட்டம் உங்கட மனுசிக்கு, அண்ணை."

தையல் அக்கா அந்த ஏழு கட்டத்தையும் நாடாவால் அளந்தார். ஐம்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

"ரெண்டு சட்டை வரும்," என்றார் கரத்தைக்கார அண்ணையிடம். அவர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல் அக்கா போகவில்லை. துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

"இந்த இருவது எங்கையிருந்து வந்தது?"

இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது.

"நாலாயும் பிரிக்க வேணும், அஞ்சாயும் பிரிக்க வேணும். ரெண்டுக்கும் பிசகாமல் வாற சின்னத் துண்டு இருவதிலை ஒண்டு. அதை வைச்சு எண்ணினா, ஆற்றை பங்கையும் ஆற்றை பங்கோடையும் கூட்டலாம்."

"அப்ப முப்பத்தாறு நாலுக்கும் வரும், மூண்டுக்கும் வரும், அஞ்சுக்கு வராது."

"ஓம் அக்கா. ஏழுக்கும் வராது."

"ஏழிலை ஒண்டு எண்டு ஆரும் சட்டை கேக்கமாட்டினம்," என்றார். ஆனால் அன்று பின்னேரமே ஒரு பழைய பேப்பரைக் கிழித்து ஏழாய் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாக்கரம்மாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு மடிப்பதில் பொறுமை இல்லை. மணலில் எழுதித்தான் பழக்கம். தினமும் ஒரு கணக்கை எழுதி, "இது சரியோ பாரும்" என்று என்னைக் கூப்பிடுவார். ஒரு கிழமைக்குப் பிறகு நான் பார்க்கத் தேவையில்லாமல் போனது. கிளாக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, வேண்டுமென்றே அவரிடம் ஆறில் ஐந்தையும் ஒன்பதில் நான்கையும் கூட்டச் சொல்லிக் கேட்டார். அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கிளாக்கரம்மா பதினெட்டில் இருபத்துமூன்று என்று விடையைச் சொன்னார். அன்று அவருக்கு இருந்த சந்தோசத்தில் எல்லோருக்கும் பாயசம் கிடைத்தது.

மாரி மழைக்கு முன் ஊர் திரும்பினோம். பட்டாளத்து லொறி ஒன்றில் இடம் கிடைத்தது. துறைமுகத்தில் மறுபடியும் கப்பல்கள் நின்றன. யுத்தம் முடியும்வரை வேலைக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரித் தலையணை உறை, கன்ரீன் மேசை விரிப்பு, கப்பல்காரருக்குக் காற்சட்டை என்று வந்துகொண்டே இருந்தது. தையல் அக்கா என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் எனக்கும் ஒரு கைமெசின் வாங்கித் தந்தார். எத்தனை துண்டுக்கு எவ்வளவு துணி என்று நான் பார்த்துச் சொல்வேன், தையல் அக்கா வெட்டுவார், இருவரும் தைப்போம். வெட்டியதில் ஒரு அங்குலம் வீணாய்ப் போனதில்லை. என் தையல்தான் கடைசிவரை நேராக வரவில்லை. அதை அவர் என் முகத்துக்கு முன்னாலேயே சொல்லுவார். உள்மடிப்புகளை மட்டும்தான் என்னிடம் தருவார்.